டாக்டரின் நெற்றி

எங்கள் ஊரில் கணினியைத் தொட்டவனெல்லாம் பாஷ்முஹந்திஸ், அதாவது இன்ஜினியர் ஐயா. நானும் அப்படித்தான் ஆனேன். எகிப்தில், நைல் டெல்டாவில் ஒரு கணினிக் கல்லூரி. இறுதியாண்டுக் குழுக்களின் முப்பத்தெட்டு இணையதளங்களையும் ஒரே கிழட்டு சர்வரில் குடிவைத்துக் காவல் காப்பது என் வேலை. எல்லோருக்கும் ஒரே இணைப்பு. ஒருவன் குழாயைத் திறந்துவிட்டால் அடுத்தவன் வீட்டில் தண்ணீர் வராது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது துறைத் தலைவர் டாக்டர் ஷவ்கத் சுற்றறிக்கை விட்டார்: ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் மேற்பார்வையாளரின் படம் இருக்க வேண்டும், முழுதாக. முப்பத்தெட்டுக்கும் மேற்பார்வையாளர் அவர்தான். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவில் எடுத்த படம். மூக்குமுடியை எண்ணலாம். நாற்பது எம்.பி.

குழுக்கள் பக்கத்துக்குப் பக்கம் டாக்டரை ஏற்றின. இரண்டே நாளில் சர்வர் நிரம்பிவிட்டது. நான் பெரிய புத்திசாலியாக எல்லாப் பிரதிகளையும் அழித்து, என் பொறுப்பில் ஒன்றே ஒன்றை வைத்து, அத்தனை தளங்களும் அதையே காட்டும்படி செய்தேன். சொந்தப் பிரதி வைக்கக் கூடாதென்று உத்தரவும் போட்டேன். இடம் மிஞ்சியது. படம்தான் ஆமை வேகத்தில் வந்தது.

நெர்மீன் என் அறைக்கு வந்தாள். ரத்தம் வேண்டியவரையும் கொடுப்பவரையும் சேர்த்துவைக்கும் தளம் அவள் குழுவுடையது. குழுவில் ஐந்து பெயர், வேலை செய்தது அவள் ஒருத்தி. ஜூலையில் அலெக்ஸாண்ட்ரியாவில் அவளுக்கு உத்தியோகம் காத்திருந்தது, தேறினால்தான்.

"பாஷ்முஹந்திஸ், அந்தப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிடுங்களேன். அரை நிமிஷ வேலை."

"நீ யாரைச் சுருக்கச் சொல்றேன்னு தெரியுதா?"

"படத்தைத்தான்."

"அவர் கையெழுத்து இல்லாம என் முனைவர் பட்டம் நகராதும்மா. முழுசான்னு எழுதியிருக்கார். உக்காரு, டீ குடி."

டீ குடிக்காமலே போய்விட்டாள்.

தேர்வன்று குழுவுக்கு ஏழு நிமிடம். வெளியூர்த் தேர்வாளர் ஒருவர், பக்கத்தில் டாக்டர். முதல் குழு தளத்தைத் திறந்தது. திரையில் முடி வந்தது. பிறகு நெற்றி. டாக்டருக்கு நெற்றி பெரிது, அதற்கே மூன்று நிமிடம் ஆனது. படத்தைத் தாண்டிக் கீழே போனால் திட்டம் இருக்கிறது. ஆனால் டாக்டர் நேரில் உட்கார்ந்திருக்கையில் அவருடைய அரை முகத்தைத் தள்ளிவிட எவனுக்குத் துணிச்சல் வரும்? மீசை எட்டிப் பார்த்தபோது மணி அடித்தது.

"உங்க வேலை எங்கப்பா?" என்றார் வெளியூர்க்காரர்.

"டாக்டருக்குக் கீழ இருக்குங்க."

"சரி, செப்டம்பர்ல வந்து காட்டு."

இப்படியே முப்பத்தேழு நெற்றி பார்த்தோம். முப்பத்தேழுக்கும் செப்டம்பரில் மறுதேர்வு.

கடைசியாக நெர்மீன். தட்டியதும் பக்கம் திறந்தது. டை முதல் உச்சிமுடி வரை டாக்டர் முழுதாக நின்றார், கீழே ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல். எனக்கு விளங்கிவிட்டது. சுருக்கி, சொந்தப் பிரதி வைத்திருக்கிறாள்.

டாக்டர் எழுந்து திரையருகே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"பாத்தீங்களா? இவ ஒருத்திதான் என்னை முழுசாப் போட்டிருக்கா! மரியாதைன்னா இது!" என்னைப் பார்த்துத் திரும்பினார். "ராஃபத், இந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கோ."

நெர்மீன் தேறினாள். வெளியே வந்தால் தாழ்வாரம் முழுக்க மற்ற குழுக்கள். முதல் குழுப் பையன் என்னிடம் வந்தான்.

"அவ என்ன பண்ணா, பாஷ்முஹந்திஸ்?"

"படத்தைச் சுருக்கினா."

"நாங்க காட்டினது உங்ககிட்ட இருந்த அந்த ஒரே படத்தைத்தானே?"

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரைச் சுருக்கினேன்.

இருபது நொடி ஆனது.