நாக்கில் வைத்துப் பார்த்த சோப்பு

கால் அங்குலம் தப்பினால் கூடத்தையே இரண்டாக்கிவிடுகிறவள் நான். தையல் கூடத்தில் வெட்டு மேசை என்னுடையது. இருபது சட்டைத் துணியை ஒன்றாக அடுக்கி ஒரே மூச்சில் வெட்டுவேன். கோடு பிசகினால் அன்று ஒருத்தரும் என் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். 'அளவுப் பிசாசு' என்று முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. தெரியும். உள்ளூர அதில் பெருமைதான். அப்பேர்ப்பட்ட நான்தான் சோப்பில் அளவைக் கோட்டை விட்டேன்.

கூடம் தொடங்கிப் பத்து வருஷம் நிறைகிற நாளுக்கு, எல்லோருக்கும் என் கையாலேயே சோப்பு செய்து தருகிறேன் என்று இரண்டு மாதம் முன்பே தம்பட்டம் அடித்துவிட்டேன். போன வருஷம் இதே நாளில் எல்லோரும் கடையில் வாங்கிய பரிசு டப்பாக்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். அதை நான் அடித்த கிண்டல் கொஞ்சநஞ்சமல்ல. வாய் சும்மா கிடந்திருக்கலாம்.

எண்ணெயைச் சோப்பாக்குவது காஸ்டிக் சோடா என்கிற காரம். தேங்காய் எண்ணெய் அதை நிறையக் குடிக்கும். சூரியகாந்தி எண்ணெய் அவ்வளவு குடிக்காது. குடித்தது போக மிஞ்சுகிற காரம் தோலைத்தான் தின்னும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். சோப்பு செய்த அன்று காரத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்த பிறகுதான், தேங்காய் எண்ணெய் பாதிதான் இருக்கிறது என்று பார்த்தேன். வீட்டுக்காரரைக் கடைக்கு விரட்டினேன். மனிதர் சூரியகாந்தி எண்ணெயோடு வந்து நின்றார். கடையில் அதுதான் இருந்ததாம், எண்ணெய் என்றால் எண்ணெய்தானாம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்துவிட்டு அதையேதான் ஊற்றினேன். கரைத்த காரத்தைக் கொட்டிவிட்டு மறுபடி கணக்குப் போடப் பொறுமை இல்லை.

ஐந்து வாரம் அலமாரி மேல் காய வைத்தேன். கொடுப்பதற்கு முந்தின நாள், ஈர விரலால் ஒரு கட்டியைத் தேய்த்து நுனிநாக்கில் வைத்தேன். சோப்பு செய்கிறவர்கள் இப்படித்தான் சோதிப்பார்கள். சரியாக வந்திருந்தால் சப்பென்று சோப்பு ருசி மட்டும் இருக்கும். எனக்குச் சுரீர் என்றது. வேறொரு கட்டியை எடுத்து வைத்தேன். அதுவும் சுரீர்.

செய்த எட்டுக் கட்டியையும் குப்பையில் போட்டிருக்க வேண்டும். புதிதாகச் செய்தால் இன்னும் ஐந்து வாரம் ஆகும். வெறுங்கையை வீசிக்கொண்டு போய் நின்றால், நான் பேசின பேச்சுக்கெல்லாம் வட்டியோடு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். லேசாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பூப்போட்ட துணித் துண்டுகளில் சுற்றி ரிப்பன் கட்டினேன். ரிப்பன் எல்லாம் ஒரே நீளம்.

மறுநாள் எல்லோரும் மூக்கில் வைத்து உறிஞ்சி ஆகா ஓகோ என்றார்கள். பட்டன்காரி மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எனக்குமா என்று கேட்டாள். சேர்ந்து இரண்டே மாதம். நாளெல்லாம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறவள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. சம்பாதிக்கிறவள் இவள் ஒருத்திதான். இது தோலுக்கு அவ்வளவு நல்லது, கடைச் சோப்பையெல்லாம் தூக்கிப் போடு என்று அவளிடம் அளந்துவிட்டேன்.

பத்து நாளில் அவள் விரல் இடுக்கெல்லாம் சிவந்தது. அப்புறம் வெடித்தது. ஒரு நாள் குழாயடியில் பார்த்தேன். என் சோப்பை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வேலைக்கே கொண்டுவந்திருந்தாள். வெள்ளைத் துணியைத் தொடுவதற்கு முன்னால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கை வெடித்ததிலிருந்து இன்னும் நிறையப் போடுகிறாளாம். தோலுக்கு நல்லது என்று நான்தான் சொன்னேனாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏதாவது மருந்து போடு என்று முணுமுணுத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். அன்று முழுக்கக் காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான், வேறென்ன சொல்ல.

அடுத்த வாரம் ஆறு வெள்ளைச் சட்டைகளில் ரத்தப் பொட்டு. அதற்குள் அவளுக்கு ஏதோ ஒட்டுகிற வியாதி என்று பேச்சு கிளம்பி, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். முதலாளியம்மா சட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கத்தவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம், வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பட்டன்காரி கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, இந்த மாதம் முடிகிற வரைக்குமாவது வரட்டுமா என்று கேட்டாள்.

கத்திரியைக் கீழே வைத்தேன்.

"அவளுக்கு வியாதி எதுவும் இல்லம்மா. நான் குடுத்த சோப்புதான். அதுல காரம் கூடிப்போச்சு."

எட்டுப் பேருக்குக் கொடுத்த சோப்பு ஒருத்தியை மட்டும் எப்படிக் கடிக்கும் என்று முதலாளியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அப்போதுதான் ஒவ்வொருத்தராக அசடு வழிந்தார்கள். காஜா போடுகிறவள் வாசனைக்காகத் துணி அலமாரியில் வைத்திருக்கிறாளாம். இஸ்திரிக்காரர் மகளின் மாமியாருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டாராம். முதலாளியம்மாவே இன்னும் ரிப்பனை அவிழ்க்கவில்லை. ஆகா ஓகோ என்றவர்களில் ஒருத்தர் மேல்கூட என் சோப்பு படவில்லை. பட்டன்காரி டப்பாவைத் திறந்து காட்டினாள். அவளுடையது நகத்தளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது.

முதலாளியம்மா அதைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். கை ஆறுகிற வரைக்கும் வீட்டில் இரு, உன் இடம் உனக்குத்தான் என்றார். வரச்சொன்ன ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ தெரியாமல் நடந்தது, விடுங்கள் என்றார்.

பட்டன்காரி என் பக்கத்தில் வந்து, அந்த வெடித்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு எப்படித் தெரியும்? பாவம், எவ்வளவு ஆசையா செஞ்சாங்க."

அதோடு முடிந்துவிட்டது. அவள் வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாழ்நாளில் எப்போது மூடியிருக்கிறேன், இப்போதாவது மூடலாம். ஆனால் அந்தச் சொரசொரப்பு என் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டே இருந்தது. தாங்க முடியவில்லை.

"தெரியும். குடுக்கறதுக்கு முந்தின நாளே நாக்குல வச்சுப் பாத்தேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

பட்டன்காரி கையை உடனே எடுத்துவிடவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்துக்கொண்டாள்.

"அப்போ அன்னைக்குக் குழாயடியில, நான் கழுவறதைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.