பில்டரின் அடிப்பக்கம்

கராஜில் கழற்றிக் கொடுத்த டீசல் பில்டரை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் போட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். "எனக்கு இது சரியான சாமானாத் தெரியல. பழச கடையில காட்டிட்டு வாங்குங்க" என்று மெக்கானிக் ரமேஸ் சொல்லியிருந்தான். நாலரை மாதத்துக்கு முன்பு இதை வாங்கப் போனபோது நான் பழையதைக் கொண்டு போகவில்லை. டிரைவர் ராஜலிங்கம் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றித்தான் தந்தார். டீசல் மணக்கும் பொட்டலத்தை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளக் கூசி, வாசலிலேயே விட்டுவிட்டேன்.

உதிரிப்பாகக் கடையில் ரிப்கா என்ற பெண் இருந்தாள். வாப்பாவின் கடை, அவள்தான் பார்க்கிறாளாம். லொறி எந்த வருடத்தது, என்ன எஞ்சின் என்று கேட்டுவிட்டு, ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். பிறகு என் பையைப் பிரித்தாள். புருவம் சுருங்கியது.

"இத ஆரு அக்கா தந்த?"

"டவுன்ல ஒரு கடை. நான்தான் பார்த்து எடுத்தேன். திருகுற மறை சரியாப் பொருந்துச்சே."

"மறை பொருந்தும். இந்த மறை எத்தனையோ பில்டருக்கு ஈக்கி. பொருத்தம் எண்டு சொல்லித்தான் என்னயும் கட்டிக் குடுத்தாங்க."

அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் இரண்டு பில்டரையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரே உயரம், ஒரே பருமன். பிறகு இரண்டையும் கவிழ்த்தாள்.

நான் வாங்கியதன் அடிப்பக்கம் டப்பாவின் அடி போல மூடியிருந்தது. அவள் எடுத்து வந்ததில் ஒரு துவாரம் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் குமிழை எடுத்து அந்தத் துவாரத்தில் திருகினாள்.

"உங்கட பழைய லொறிக்கு இதுதான் முக்கியம். நம்மட பக்கத்து மழைக்கும் குளிருக்கும் டேங்குக்குள்ள தண்ணி சேரும். அது இங்க வந்து அடியில நிக்கும். காலைல ஸ்டார்ட் பண்ண முன்ன இதக் கொஞ்சம் தொறந்து போத்தலுக்கு எடுக்கணும். மொதல்ல தண்ணி வரும். டீசல் வந்த ஒடன மூடணும். உங்கட டிரைவர் செய்ற இல்லயா?"

நான் அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.

"எவ்வளவு எடுக்கணும்?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணிக் கப்புல அர வாசி. மழ நாள்ல கூட வரும்."

அரைக் கப். நான் பார்த்ததும் அவ்வளவுதான்.

முப்பது வருடம் ஓர் அரச திணைக்களத்தின் வாகனப் பிரிவில் கிளார்க்காக இருந்தவள் நான். எத்தனை மைல் ஓடினால் எவ்வளவு டீசல் குறைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். டிரைவர்கள் டீசல் எடுக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் நான் பிடித்திருக்கிறேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் விரும்பினேன். ஓய்வுபெற்று, இந்தப் பழைய லொறியை வாங்கி, கலஹாவிலிருந்து வந்த ராஜலிங்கத்தை வேலைக்கு வைத்தபோது, அம்பிட்டிய வீட்டுச் சமையலறை ஜன்னலைத்தான் என் மேசையாக்கிக்கொண்டேன்.

தினமும் காலையில் அவர் லொறிக்கு அடியில் குனிந்து, எதையோ திருகி, போத்தலில் பிடிப்பதைப் பார்த்தேன். போத்தலை மூடி, ஆசனத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போவார். டீசலைத் திருடிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்பது ஆபிஸில் கற்ற பாடம். முற்றத்தில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக் கூடாது என்று அவருக்குக் கட்டளை போட்டிருந்தவள் நானே என்பது, இந்தக் கடை மேசைக்கு முன்னால்தான் நினைவுக்கு வந்தது. வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

நான் வாங்கிவந்த பில்டரைக் கையில் எடுத்த அன்று அவர் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"அக்கா, இதுல கீழ பூட்ட எடமில்லயே. இது வேறங்க."

"மறை பொருந்துதா இல்லையா?"

"பொருந்துதுதான்."

"அப்ப பூட்டுங்க."

அவர் முகம் வாடியதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். குழாயை அடைத்துவிட்டேன் என்று. மறுநாளிலிருந்து போத்தலும் இல்லை, குனிவதும் இல்லை. என் சந்தேகத்துக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மூன்று மாதத்தில் டீசல் பம்ப் போனது. உள்ளே தண்ணீரும் துருவும் என்றான் ரமேஸ். குழாய் அடைபட்டதும் டேங்கிலிருந்தே உறிஞ்சிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவைத்திருக்கிறான் என்று நான் முடிவுகட்டினேன். எவ்வளவு கச்சிதமான முடிவு. அம்பிட்டிய சந்தியில், லொறிகள் நிற்கும் இடத்தில், ஆறேழு டிரைவர்களுக்கு நடுவே அவரிடம் சாவியை வாங்கினேன். "டீசலைக் குடிச்சிட்டுத் தண்ணிய ஊத்துற ஆள் எனக்கு வேணாம்" என்றேன். யாரோ சிரித்தார்கள்.

"அக்கா, இருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ரிப்கா கேட்டாள். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். இரண்டு பில்டரையும் பையில் போட்டுத் தந்தாள்.

பேராதனைக்குப் போய் கலஹா பஸ் பிடித்தேன். இந்த முறை டீசல் மணம் மடியிலேயே இருந்தது. வழி நெடுக என் மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரிடம் வேறொரு குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தாமதமாக வந்தாரே, ஒரு முறை டயர் மாற்றக் கேட்டாரே என்று. அந்த மனதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. எத்தனை பேரை இப்படிப் பிடித்தேன்? அவர்களில் எத்தனை பேர் உண்மையில் எடுத்தார்கள்?

கலஹாவில் விசாரித்துப் போனபோது ராஜலிங்கம் தேயிலைக் கொழுந்து லொறிக்குச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஓட்டவில்லை, ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தோளிலிருந்த சாக்கை இறக்கினார். நான் புதிய பில்டரை நீட்டினேன். வாங்கி, திருப்பி, அடியைப் பார்த்தார்.

"இதான்" என்றார்.

"அது தண்ணின்னு ஏன் நீங்க சொல்லல ராஜலிங்கம்?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க. முப்பது வருசம் வண்டி ஆபிஸ்ல இருந்தவங்க. தெனம் ஜன்னல்ல நின்னு பாப்பீங்க. ஒழுங்கா எடுக்குறேனான்னு பாக்குறீங்கன்னு இருந்தேன். அதான் உங்களுக்குத் தெரியிற பக்கமாவே லொறிய நிப்பாட்டுனேன்."

நான் ஜன்னலில் நின்ற காலைகள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. எனக்குக் காட்டுவதற்காகவே அவர் அதைச் செய்திருக்கிறார். திருடனைப் பிடித்துவிட்டதாக நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

"திரும்ப வாங்க" என்றேன். "தப்பு என்னோடது."

"வாறது இருக்கட்டும்க்கா. பில்டர எவன் வேணாலும் பூட்டுவான்." பில்டரை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். "அந்தச் சந்தியில இன்னும் என்னைய தண்ணி லிங்கம்னுதான் சொல்றானுங்க. நாலு பேர்ட்ட வேல கேட்டேன். டேங்குக்கு பூட்டு வாங்கிட்டுக் கூப்புடுறோம்னு சிரிக்கிறானுங்க. என்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க. பொறகு பாப்போம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்பிட்டிய சந்திக்குப் போனேன். லொறிகள் வரிசையில் நின்றன. அன்று சிரித்தவன் தினேஸ் என்பது அவன் பல்லைக் கண்டதும் நினைவு வந்தது.

"என்ன அக்கா, புது டிரைவர் தேடுறீங்களா? நம்ம தண்ணி லிங்கம் சும்மாதானே இருக்காரு."

இப்படியே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். யாருக்கும் தெரியாது.

"எல்லாரையும் கூப்பிடுங்க தினேஸ்" என்றேன்.

அவர்கள் வந்து நிற்கும் வரை காத்திருந்து, பையிலிருந்து இரண்டு பில்டரையும் எடுத்து, அவனுடைய லொறியின் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு இரண்டையும் கவிழ்த்தேன்.