முதலாளி நலம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. சரிபார்க்கவும் வழியில்லை, அந்தத் தளம் இப்போது இணையத்தில் இல்லை. மீன் ஆரஞ்சு நிறம் என்று நான் நினைக்கிறேன். வெள்ளையில் சிவப்புத் திட்டு என்கிறாள் என் மனைவி. யார் எதைச் சொன்னார்கள் என்பதிலும் ஒன்றிரண்டு இடம் மாறியிருக்கலாம். ஆனால் ஒரு வரி காணாமல் போனது மட்டும் நிச்சயம். அது இருந்ததையும் பார்த்தேன், இல்லாமல் போனதையும் பார்த்தேன்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கான மன்றம் அது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவன். பின்னறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் மன்றத்தைத் திறந்து படிப்பேன். எழுதுவது அபூர்வம். ஒரு பதிலை மனதுக்குள் உருட்டி, தட்டி, அழித்து, மறுபடி தட்டி முடிப்பதற்குள் கேட்டவரின் மீனே குட்டி போட்டிருக்கும். அதனால் எனக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் பல் டாக்டர். அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் பெரிய தொட்டி ஒன்று உண்டு. "ஆமை அண்ணே கழுத்தை நீட்டிட்டாரு, எல்லாரும் கை தட்டுங்க" என்று நான் எழுதும் ஒவ்வொரு முறையும் அவர் எழுதுவார்.

மன்றத்தை மேய்த்தவர் ஒரே ஒரு மட்டுறுத்துநர். அந்தப் பெயர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவர் மட்டு. அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. கேள்வி கேட்டவர் 'நன்றி' என்று எழுதிவிட்டால் போதும், அந்தக் கேள்வியும் பதில்களும் தொடரும் திரியை உடனே பூட்டிவிடுவார். கீழே ஒரு பூட்டுப் படம் விழும். அதன்பின் யாரும் அதில் எழுத முடியாது.

நாளடைவில் இது மன்றத்தின் வழக்கத்தையே மாற்றிவிட்டது. அரட்டை தொடர வேண்டும் என்று நினைத்தவர்கள் நன்றி சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றார்கள், "நல்லா இருப்பீங்க" என்றார்கள், கும்பிடும் கையைப் படமாகப் போட்டார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பழையவர்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது தண்ணீர் மாற்றுவதை அல்ல. "மறந்தும் அந்த வார்த்தைய மட்டும் எழுதிடாதீங்க" என்பதைத்தான்.

மாதம் பிறந்தால் மட்டு ஒரு திரி தொடங்குவார்: 'மட்டுறுத்துநரிடம் கேளுங்கள்.' குறைகளைச் சொல்வதற்கு என்று அவர் நினைத்தார். மற்றவர்கள் அதை அவரைக் கலாய்க்கும் இடமாக வைத்துக்கொண்டார்கள்.

"சார், சாப்பாடு நல்லா இருக்குன்னு வீட்ல நன்றி சொன்னா, உடனே சமையக்கட்டைப் பூட்டிடுவீங்களா?" இது பல் டாக்டர்.

"என் வீட்டில் நான்தான் சமைக்கிறேன்."

"அப்ப யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க. பிரச்சனை இல்ல."

"கேள்வி மீன் வளர்ப்பு தொடர்பானது அல்ல."

படித்துவிட்டு நான் சாப்பாட்டு மேசையில் தனியாகச் சிரித்தேன். "ஏங்க, தட்டைப் பாத்துச் சிரிக்கிறீங்களே, நான் சமைச்சது அவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்றாள் மனைவி. விளக்கிச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் எழுதாத உறுப்பினர் ஆகிவிட்டாள்.

ஒரு மாதம் யாரோ உண்மையாகவே கோபமாகக் கேட்டார்கள், ஏன் இப்படிப் பூட்டித் தொலைக்கிறீர்கள் என்று. மட்டு அன்றுதான் சற்று நீளமாக எழுதினார். பல வருடங்களுக்கு முன், வேறொரு தளத்தில் ஒருவருக்குச் சரியான பதில் கிடைத்தது, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டே போனார்கள். பிற்பாடு அங்கே வந்த இன்னொருவர் கடைசிப் பதிலை மட்டும் படித்துவிட்டு, தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டினார். ஒரு மீன்கூட மிஞ்சவில்லை.

"அந்த இன்னொருவர் நான்" என்று முடித்திருந்தார்.

 பிறகு பல் டாக்டர் கேட்டார்: "சார், பூட்டறதெல்லாம் சரி. நாங்க எழுதினதை மாத்துவீங்களா?"

"ஒருவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நான் தொட மாட்டேன். பிழையாக இருந்தாலும் அது அவருடையது."

அது உண்மை. என் பதிவுகளில் இருந்த பிழைகள் கடைசிவரை அப்படியே இருந்தன.

இந்த மன்றத்துக்குத்தான் தையல் அக்கா வந்தார். வீட்டிலேயே துணி பிரித்துத் தைத்துக் கொடுப்பவர். கணவர் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவர் வளர்த்த தங்கமீன் சாப்பிட மறுக்கிறது, எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, இதையாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். படம் போட்டிருந்தார். ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரம், சுண்ணக்கட்டிக் கோடு போட்ட கால்சட்டைகள், அலமாரி மேல் தொட்டி. மீனின் பெயர் முதலாளி. அவருடைய கணவர் வேலை செய்த தொழிற்சாலையில் முதலாளி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கிக் கொடுக்கச் சொன்னோம். முதலாளி சாப்பிட்டார். அக்கா சந்தோஷத்தில் எழுதத் தொடங்கினார்: "உங்க எல்லாருக்கும் எப்படி..."

அடுத்த வரி வருவதற்குள் பல் டாக்டர் குறுக்கே விழுந்தார். "அக்கா! அங்கேயே நில்லுங்க! அந்த வார்த்தை வேணாம்!"

விஷயத்தைப் புரிந்துகொண்ட அக்கா கடைசிவரை நன்றி சொல்லவில்லை. திரி வருடக்கணக்கில் ஓடியது. ஊசி முறிந்ததை எழுதினார். தன் உடம்பு ஏறவே இல்லை, சட்டைதான் சுருங்கிவிட்டது என்று சாதிக்கும் வாடிக்கையாளரைப் பற்றி எழுதினார். வீட்டில் பேச ஆள் இல்லாததைப் பற்றி ஒரே ஒருமுறை எழுதினார்: "நாள் முழுக்க மெஷின் சத்தம், தொட்டி சத்தம். மூணாவது சத்தம் நீங்கதான்." எதை எழுதினாலும் கடைசியில் 'முதலாளி நலம்' என்று சேர்த்துவிடுவார். மீன் தொடர்பானது ஆகிவிடுமே.

"எங்க திரிக்கெல்லாம் பூட்டு, அக்கா திரி மட்டும் சத்திரம் மாதிரி திறந்து கிடக்கே, இது என்ன ஓரவஞ்சனை?" என்று யாரோ கேட்டதற்கு மட்டு சொன்ன பதில்: "அவர் இன்னும் நன்றி சொல்லவில்லை."

ஒரு நாள் காலை, லென்ஸ் ஒன்றைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தபோது அவருடைய பதிவைப் பார்த்தேன்.

"முதலாளி போயிட்டாரு. வயசாயிடுச்சு, வலி எதுவும் பட்ட மாதிரி தெரியல. எங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன ஒரே உயிர். இவ்வளவு நாள் இருந்ததே பெருசு. இனிமே எனக்கு இங்க கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் நன்றி."

தெரிந்தேதான் எழுதியிருந்தார். அதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் தானே சாத்திக்கொண்டு போகிறார். மட்டுவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவரும் படித்துக்கொண்டிருந்தார்.

'மட்டுறுத்துநரிடம் கேளுங்கள்' திரியில் பல் டாக்டர், முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் எழுதினார்: "சார், இந்த ஒரு தடவை." அவருக்குக் கீழே ஒவ்வொருவராக அதையே எழுதினார்கள். நானும் எழுதினேன். உருட்டவில்லை, அழிக்கவில்லை. "பூட்டாதீர்கள். அந்த அறையில் அவர் தனியாக இருக்கிறார்." ஆமை வந்ததை அன்று யாரும் கேலி செய்யவில்லை.

 இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் யாரோ கண்ணாடி போட்டுப் பார்த்து, "இப்பத் தெரியுது, இப்பத் தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தைப் புதுப்பித்தேன்.

அக்காவின் பதிவுக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'மட்டுறுத்துநரால் திருத்தப்பட்டது.' மேலே பார்த்தேன். கடைசி வரியைக் காணவில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பூட்டு விழவில்லை. அதன் கீழே மட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"தொட்டியில் வடிகட்டி ஓடுகிறதா?"

"ஓடுது சார். பிளக்கைப் பிடுங்கத்தான் போறேன். யாருக்கு ஓடணும் இனிமே?"

"பிடுங்காதீர்கள். வடிகட்டியில் உள்ள பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. உங்கள் கணவர் இந்தத் தொட்டியைத் தொடங்கிய காலத்திலிருந்து அதில் வளர்ந்து வருபவை. இதுவரை தண்ணீரைக் கெடாமல் வைத்திருந்தது அவைதான். மீன் இல்லாவிட்டாலும் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டால் அவை பிழைத்துக்கொள்ளும். நிறுத்தினால் போய்விடும்."

அக்காவிடமிருந்து நெடுநேரம் எதுவும் வரவில்லை. வாடிக்கையாளர் போய்விட்டார். என் தேநீர் ஆறி ஏடு படிந்தது. அந்த நேரத்தில் அவர் பிளக்கின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்ததாக நான் கற்பனை செய்துகொண்டேன். இப்போது அதுவே நினைவு போலாகிவிட்டது.

பிறகு எழுதினார்.

"ஒரு சிட்டிகைன்னா, முதலாளிக்குப் போட்ட அளவா, அதைவிடக் கம்மியா?"

"பாதி போதும்."

"சரி சார்." சற்றுப் பொறுத்து, "நான் நன்றின்னு எழுதியிருந்தேனே. காணோமே?"

"அது இங்க செல்லாதுக்கா. வாங்கி உள்ள வச்சுட்டாரு" என்றார் பல் டாக்டர்.

"எதுக்கு சார்?"

"கேள்வி மீன் வளர்ப்பு தொடர்பானது அல்ல" என்றார் மட்டு.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய் எங்கள் தொட்டிக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டாள். ஏற்கெனவே போட்டாயிற்று என்று நான் சொல்லவில்லை.

தையல் அக்கா சில மாதங்கள் வெறும் தொட்டிக்குத் தீனி போட்டார். பிறகு இரண்டு சின்ன மீன்களை வாங்கிவிட்டார். பல் டாக்டர் மருத்துவமனையை வேறு தெருவுக்கு மாற்றினார். தொட்டியும் கூடவே போனது. எனக்கு அவ்வப்போது தொலைபேசியில் அழைக்கிறார். தளத்தை நடத்தியவர்கள் அதை மூடிவிட்டார்கள். மட்டு யார், எந்த ஊர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதன்பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. அக்காவின் திரி கடைசி நாள்வரை திறந்துதான் இருந்தது. நான் அதே கடையில் லென்ஸ் அறுக்கிறேன்.