தொண்ணூறாம் நம்பர் எண்ணெய்

சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இல்லாமலே பிக்கப்புக்கு எண்ணெய் வாங்கிய பொம்பளையை ஈப்போ முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் தினேஸ்வரி ஒருத்திதான் அகப்படுவாள். சிலிபின் வட்டாரத்தில் ஜைனுலாப்தீன் பாயின் வண்டிச் சாமான் கடைக்கு அவள் வருவது இது நாலாவது தடவை. நாலு தடவையும் ஒரே சரக்குதான். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே பல்சக்கரங்களை அடக்கிக்கொண்டு தொங்குகிறதே ஓர் இரும்பு உருண்டை, அதற்குள் ஊற்றுகிற எண்ணெய். ஒர்க்‌ஷாப்காரர்கள் அந்த உருண்டையை டிஃப் என்பார்கள்.

"இன்னைக்கு யாரு வண்டி தங்கச்சி?"

"எங்க அத்தான் வண்டி, பாய்."

பாய் எடுத்த டின்னை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சொந்தத்துலயுமா லா இந்தச் சோதனை?"

"ஏன், சொந்தக்காரன் வண்டின்னா டிஃப் ஊளையிடாதா?"

வாய்க்குக் குறைச்சல் இல்லை அவளுக்கு. ஆனால் விஷயம் இருந்தது. அந்த மாதிரிப் பழைய பிக்கப்புக்குக் கம்பெனி சொல்லும் எண்ணெய் தொண்ணூறாம் நம்பர். பல்சக்கரம் தேய்ந்துபோன வண்டியில் தொண்ணூறு ஊற்றினால் அறுபது கிலோமீட்டர் வேகம் தொட்டதும் ஊவென்று கத்தும். அதிலேயே நூற்று நாற்பதாம் நம்பரை ஊற்றிவிட்டால் பாகு மாதிரிக் கெட்டியாகப் போய் நின்றுகொண்டு சத்தத்தை அமுக்கிவிடும். நோய் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் ஒரு மாசத்துக்கு இருக்காது. பழைய வண்டி விற்கிறவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வழி இதுதான். அதனால் தினேஸ்வரி எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் தன் எண்ணெயோடு போவாள். இருக்கிறதை வடித்துவிட்டு, தொண்ணூறு ஊற்றி, ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு. இரண்டு வண்டி ஊளையிட்டன. மூன்றாவது வண்டியின் முதலாளியான சீனத் தவ்கே அவள் ஸ்பேனரைப் பார்த்ததுமே வண்டியை விற்கிற எண்ணத்தை மாற்றிக்கொண்டான்.

அவள் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் வயிறு. ஈப்போவில் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழை இலை போடுகிறவள் அவள். சிலிம் ரிவர் பக்கம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த மேட்டு நிலங்களில் விடியுமுன் இலை ஏற்றி, பத்து மணிக்குள் கடைகளில் இறக்க வேண்டும். இருந்த வேன் படுத்து இரண்டு மாசம் ஆகிறது. வாடகை லோரி நேரத்துக்கு வராமல் இலை வதங்கி, இரண்டு கடை கைநழுவிப் போயிற்று. இனி ஒரு நொண்டி வண்டி வாய்த்தால் மிச்சப் பத்தும் போய்விடும்.

"மேல் போல்ட் கழலுதான்னு பாத்துட்டு அப்புறம் கீழ் போல்ட்டத் தொடு," என்றார் பாய், எப்போதும் போல. "வடிச்சுட்டு ஊத்த வழியில்லாம நிக்காதே."

குனோங் ராபாட்டில் அக்கா கலாதேவியின் வீட்டு வாசலில் பிக்கப் கழுவித் துடைத்து நின்றது. அக்காள் புருஷன் சிவபிரகாசம் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வண்டியின் குறையைத் தானே எடுத்து வைத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன் தினேஸ். டிஃப்ல ஊளை இருந்துச்சு. போன வாரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப உங்க அக்கா ஒர்க்‌ஷாப்ல விட்டு ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்துட்டா. இப்ப பொட்டுச் சத்தம் இல்லே."

"சரி அத்தான். நான் எண்ணெய மட்டும் மாத்திக்கிறேன்."

"அதான் பண்ணியாச்சேடி," என்று வாசல்படியிலிருந்து அக்கா சொன்னாள். அவசரமாகச் சொன்னாள். "எதுக்கு இன்னொரு தடவை?"

"மாத்தட்டும் விடு," என்றார் அத்தான். "வாங்கறவ பாத்துதான் வாங்கணும்."

தினேஸ்வரி அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். மேல் போல்ட் லேசாகக் கழன்றது. கீழ் போல்ட்டையும் எடுத்தாள். எண்ணெய் வந்தது, ஆனால் ஒழுகவில்லை, இறங்கியது. புத்தம்புது எண்ணெய், தேன் நிறம், கம்பி பதம். விரலில் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை. ஒர்க்‌ஷாப்காரன் ரிப்பேர் என்று சொல்லி நூற்று நாற்பதை ஊற்றி அக்காளை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, அவனைப் பெற்றவள் வரைக்கும் மனசுக்குள் திட்டினாள். தொண்ணூறைப் பம்ப் வைத்து ஏற்றி இறுக்கினாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அத்தான் எழுந்தார். அக்கா முந்திக்கொண்டு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மலை ஓரத்து ரோட்டில் அறுபது தொட்டதும் ஊளை கிளம்பியது. சின்னச் சத்தமில்லை. அக்கா மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஒர்க்‌ஷாப் அக்கா? இப்பவே போலாம். அவன சும்மா விடக்கூடாது."

"அவன் மேல தப்பில்லே. ரிப்பேருக்கு நாளாகும்னான். நான்தான் கெட்டி எண்ணெய் ஊத்தச் சொன்னேன்."

தினேஸ்வரி வண்டியை ஓரங்கட்டினாள். கூடப் பிறந்தவள். ஒரு தட்டில் சாப்பிட்டவள்.

"அவருக்குக் கண்ணு போச்சுடி," என்றாள் கலாதேவி. "சர்க்கரை. ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேக்க மாட்டேங்கறாரு. போன மாசம் கோப்பெங் ரோட்டுல மோட்டார் சைக்கிள்ல போன ஒரு பிள்ளைய இவரு பாக்கவே இல்லே. ஒரு சாண்ல தப்பிச்சது. சாவிய ஒளிச்சு வெச்சேன், வேற சாவி அடிச்சுட்டு வந்துட்டாரு. கடைசில நீ வண்டி தேடறேன்னு தெரிஞ்சதும், தினேஸுக்குன்னா கொடுக்கறேன், ஆனா நல்ல வண்டியாத்தான் கொடுப்பேன், இல்லாட்டி நானே வெச்சு ஓட்டிக்கறேன்னுட்டாரு."

"என்கிட்ட சொன்னா நான் வாங்கியிருக்க மாட்டேனா?"

"நீ இரக்கப்பட்டு வாங்கறேன்னு மோப்பம் பிடிச்சா கொடுக்க மாட்டாருடி."

"அதுக்காக? உன் புருஷன் உயிரக் காப்பாத்த என்னைய இந்த நொண்டி வண்டில ஏத்தி அனுப்பப் பாத்தியா? காலைல நாலு மணிக்குத் தோட்டத்து மேட்டுல டிஃப் இறுகிப் பூட்டிக்கிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

"தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். நாலு நாளா சோறு இறங்கல எனக்கு."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தினேஸ்வரி இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருப்பாள். வண்டியைத் திருப்பினாள்.

அத்தான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். மலை ஓரத்து ரோட்டில் வேகமாக வரும்போதே அந்த ஊளை அவருக்குக் கேட்டுவிட்டது. கண்தான் போயிற்று, காது போகவில்லை.

"சரியாகலையா?" அவர் முகம் தொங்கிவிட்டது. "வேணாம் தினேஸ். கெட்ட வண்டிய உன் தலையில கட்ட மாட்டேன். நானே வெச்சு ஓட்டிக்கறேன். சாவியக் கொடு."

கையை நீட்டினார். கலாதேவி வண்டிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

தினேஸ்வரி சாவியைக் கொடுக்கவில்லை. "வண்டி மேல குத்தமில்லே அத்தான். நான்தான் எண்ணெய் மாத்தி ஊத்திட்டேன். தண்ணி மாதிரி ஒண்ணை வாங்கிட்டு வந்து ஊத்தி, நல்லா இருந்த டிஃபக் கெடுத்துட்டேன்." நாலு தடவையும் நம்பர் பார்த்துப் பார்த்து எண்ணெய் வாங்கியவளின் வாய் அது. "நான் கெடுத்தது. கெடுத்தவதான் எடுத்துக்கணும். நியாயமா சொல்லுங்க."

"தப்பு எண்ணெயா? என்ன நம்பர்? டின்னக் கொண்டா."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. டின்னின் நெஞ்சில் தொண்ணூறு என்று விரல் நீளத்துக்குச் சிவப்பில் அடித்திருக்கிறது. முப்பது வருஷம் லோரி ஓட்டியவருக்கு எது சரியான நம்பர் என்று சொல்லித்தரவா வேண்டும்? வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

சிவபிரகாசம் டின்னை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நின்று, அந்தச் சிவப்பு எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தார்.

"ஆமா," என்றார். "தப்பு நம்பர்தான் இது."

கலாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூளை இருக்கா உனக்கு? நல்ல வண்டியப் பாழாக்கிட்டியே," என்று அத்தான் திட்ட ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினார். தினேஸ்வரி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சாவி கேட்டுக் கை நீட்டியது அவருக்கு மறந்தே போயிற்று.

"எடுத்துட்டுப் போய் மொத வேலையா டிஃபப் பிரிச்சுப் பாரு," என்றார் முடிவாக. "இனிமே எண்ணெய் வாங்கறப்ப டின்ல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுப் பாத்து வாங்கு."

"சரி அத்தான்," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.