அப்பாவின் வேஷ்டியும் கடவுத் தொரட்டியும்

கரமனை ஆற்றில் எங்கள் தெருவுக்கென்று ஒரு படித்துறை உண்டு. கடவு என்போம். அங்கே பலாமரத்தில் ஒரு தொரட்டி சாய்ந்திருக்கும். மாங்காய் பறிக்கிற அதே தொரட்டிதான். தர்ப்பணத்துக்கோ காரியத்துக்கோ வந்தவர்கள் துணியை ஆற்றில் விட்டால், விட்டவர் கையிலேயே தொரட்டியைக் கொடுத்து எடுக்கச் சொல்வோம். யாரும் உதவிக்குப் போகக் கூடாது. படியில் ஒரு டிரம் வைத்திருக்கிறோம், துணி அதில்தான் போக வேண்டும். கடவைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பதினொரு பேரின் சட்டம் இது ஒன்றுதான். மூன்று வருஷம் முன்னால் மழையில் பாலத்தடி முழுக்கச் சேலையும் வேஷ்டியுமாக அடைத்து, கீழ்வரிசை வீடுகளில் முட்டளவு தண்ணீர் ஏறிய பிறகு போட்டது. திட்டாத ஆள் இல்லை. மாற்றவில்லை.

போன ஆடி அமாவாசையில், ஆட்டோ ஓட்டும் ஜெயன் இறந்துபோன தன் அம்மாவின் சேலையை ஆற்றில் விட்டான். நான்தான் தொரட்டியை நீட்டினேன். சொந்தக்காரர்கள் இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்க, அழுதுகொண்டே எடுத்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

இந்த மாசியில் என் அப்பா போனார். பத்தாம் நாள் காரியம் அதே கடவில். திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அப்பா கடைசியாக உடுத்திய வேஷ்டியை ஆற்றில் விட்டே ஆக வேண்டும் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் எங்கள் சட்டத்தைச் சொன்னேன். ஊருக்குச் சட்டம் போடு, பெற்ற அப்பாவுக்குமா என்று கேட்டார். சாஸ்திரிகளிடம் கேட்டோம். அவருக்கு ஒன்பது மணிக்கு ஸ்ரீவராகத்தில் இன்னொரு காரியம் இருந்தது. உங்களுக்குள் பேசிச் சீக்கிரம் முடியுங்கள் என்றுவிட்டார்.

நான் மூன்று முழுக்குப் போட்டு எழுந்து பார்த்தபோது வேஷ்டி தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுடுத்து. இனிமே பேசப்படாது."

பத்தடி தள்ளித் தாழம்புதரில் சிக்கி நின்றது. விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது உண்மை. ஆனால் மேலே ரோட்டில் ஆட்டோ வந்து நின்றது. பாலத்திலிருந்தே வேஷ்டியைப் பார்த்திருப்பான். ஜெயன் படியிறங்கி, நேராகப் பலாமரத்துக்குப் போனான். தொரட்டியை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினான்.

"எங்க அம்மைக்க சேலைய நான் எடுத்தேன் சாரே. இனி சார் எடுக்கணும்."

அவன் கேட்டதில் தப்பில்லை. விட்டது சித்தப்பாவானாலும் வேஷ்டி என் அப்பாவுடையது, காரியம் செய்கிறவன் நான். அன்று நான் எடுக்காவிட்டால் அடுத்த அமாவாசைக்கு நாங்கள் பதினொரு பேரும் யாரிடமும் வாய் திறக்க முடியாது. டிரம்மை நாங்களே தூக்கிப் போட்டுவிடலாம். தொரட்டியை வாங்கினேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்ரீனி, அண்ணா ஆத்மா அந்தத் துணியைச் சுத்தியே அலையும்டா."

"அலையட்டும் சித்தப்பா. அம்பது வருஷம் குளிச்ச கடவு. அவருக்கு இங்க வழி தெரியும்."

"அதை எடுத்தேன்னா உன் வீட்ல இனிமே கை நனைக்க மாட்டேன்."

"உங்க இஷ்டம். வேஷ்டி தண்ணியில கிடக்காது."

கையை விடுவித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். முதல் இழுப்பில் வரவில்லை, தாழை முள். இரண்டாவது இழுப்பில் ஓரம் கிழிந்தது. பத்து நாளில் அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இழுத்தேன். ஜெயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வேஷ்டியைப் பிழிந்து டிரம்மில் போட்டேன். அதற்குள் சித்தப்பா படியேறிப் போய், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வேண்டும் என்று சத்தம் போட்டார். அங்கே நின்றது ஜெயனின் ஆட்டோ ஒன்றுதான். ஜெயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாழம்புதரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாரே, அடியில பின்னயும் ஒண்ணு கெடக்கு. சேப்பு சேலை."

யார் விட்டதென்று தெரியவில்லை. எப்போது விட்டதோ. சாஸ்திரிகள் மணியைப் பார்த்தார். அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, தொரட்டியோடு மறுபடியும் இறங்கினேன். இந்தத் தடவை ஜெயனும் செருப்பைக் கழற்றினான்.