மூடிய கை

"இடது கைப் பக்கம் தண்ணி படக் கூடாது, அண்ணி" என்றாள் உர்பி. சிசா ஈரத்துணியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சிசாவின் புருஷன் காத்தாரி சுவரோரம் மல்லாந்து கிடந்தான். விடியும் முன்னே ஓடைக்குப் போய்விட்டு வந்தவன், அடுப்பருகே உட்கார்ந்து முதுகைச் சாய்த்தான். அவ்வளவுதான். "கஞ்சி குடிக்கிறீங்களா" என்று சிசா கேட்டதற்குப் பதில் வரவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சி ஆடை கட்டிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. செத்துப்போன மனுஷனோடு பிணங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

உயிர் போன பிறகும் இடது கை மூடியே இருந்தது. சபை ஆட்கள் வந்து அதன்மேல் சிவப்புக் கம்பளிப் பையை மாட்டி, சுருக்குக் கயிற்றை இழுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கைக்குள் இருப்பது இனி காத்தாரியுடையது இல்லை. ஏழு குலச் சபையுடையது.

சபை ஒன்றைத் தீர்மானிக்கும் நாளில் குலத்துக்கு ஒருவர் உட்காருவார். ஒவ்வொருவருக்கும் அவரை விதையளவில் இரண்டு கல், கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. விடியும் முன் தனியாக ஓடைக்குப் போய் வேண்டாத கல்லைத் தண்ணீரில் விட்டுவிட்டு, வேண்டியதைக் கைக்குள் மூடிக்கொண்டு வர வேண்டும். சபை விரிப்பின்மேல்தான் கை திறக்கும். ஆள் செத்துப்போனாலும் அவன் கை சபைக்கு வந்தாக வேண்டும். அதன் பிறகுதான் அடக்கம். இடையில் யாராவது அந்தக் கையைத் திறந்து பார்த்தால் உப்புவெளிதான். தண்ணீர்ப் பையும் கொடுக்காமல் வெள்ளை உப்புக்குள் துரத்திவிடுவார்கள். போனவர்கள் திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

இன்றைய பேச்சு நாணல் குலத்தைப் பற்றியது. ஏரித் தீவுகளில் வாழும் அந்தக் குலத்தைக் கூட்டிலிருந்து வெட்டிவிடலாமா என்று மற்ற ஆறு குலங்களும் கல் போடுகின்றன. ஆறும் கருப்பாக விழுந்தால் பொழுது சாய்வதற்குள் தீவுகளுக்குத் தீ வைத்துவிடுவார்கள். ஒரு வெள்ளை விழுந்தால் போதும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். தங்கள் கல் கருப்புதான் என்று ஐந்து பேர் சந்தையிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஆறாவது ஆளான காத்தாரி மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

சிசாவின் ஒரே மகள் நினா அந்தத் தீவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நிறைமாதம். உர்பியின் ஒரே மகன் சூரியை மேய்ச்சல் தகராறில் அடித்துக் கொன்றவர்கள் அந்தத் தீவுக்காரர்கள்தான். சூரி, காத்தாரி தோளில் தூக்கி வளர்த்த மருமகன், தங்கை பிள்ளை. அவன் போனதிலிருந்து காத்தாரி மகள் பெயரை வீட்டில் எடுத்ததில்லை.

சிசா துணியைப் பிழிந்தாள். கருப்பாகத்தான் இருக்கும். வேறு என்னவாக இருக்கும்?

"அக்கா, கல்யாணத்துக்கா சிங்காரிக்கிறீங்க?" வாசலில் காவலுக்கு நின்ற வில்கா குரல் கொடுத்தான். "சபை கூடிடுச்சு. எல்லாரும் என் தலையை உருட்டுறாங்க."

"உன் முறை வரும்போது அரைக் குடத்துல முடிச்சுடறோம், கவலைப்படாத" என்றாள் உர்பி. பிறகு பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "தண்ணி ஆறிப்போச்சு. நான் போய்ச் சுடுதண்ணி எடுத்துட்டு வரேன்."

"ஒருத்தியை உள்ள விட்டுட்டு இன்னொருத்தி வெளிய வரக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கணும்."

"அப்ப நீ போய் எடுத்துட்டு வா. எங்க அண்ணனுக்குக் குளிர் தாங்காது."

வில்கா முணுமுணுத்தான். பானையைத் தூக்க அவனுக்கு இடுப்பு வளையாது. "சீக்கிரம் வந்துடு, யார் கண்லயும் படாம" என்று வழி விட்டான். உர்பி பானையோடு போனாள். தோல் திரை விழுந்து மூடிக்கொண்டது.

சிசா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். சுருக்கை நெகிழ்த்திப் பையை உருவினாள். தூக்கத்தில் கையை மூடிக்கொள்வது அவனுக்கு எப்போதும் வழக்கம். மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தானாக விட்டுக்கொடுக்கும். இத்தனை வருஷமாக அவள் செய்துவந்தது. இப்போதும் மடக்கினாள். விரல்கள் சண்டித்தனம் செய்தன. "விடுங்க" என்று கெஞ்சினாள். "நம்ம நினாவுக்காக விடுங்க." மெதுவாக, மனமில்லாமல், விட்டுக்கொடுத்தன.

உள்ளங்கையில் இரண்டு கல்லும் இருந்தன.

கருப்பும் வெள்ளையும், பக்கத்தில் பக்கத்தில், வியர்வையில் ஒட்டிக்கொண்டு. ஓடை வரை போயிருக்கிறான். குனிந்திருக்கிறான். எதையும் விட முடியாமல் திரும்பி வந்திருக்கிறான். கோபத்தில் பேசாமல் இருக்கிறான் என்றல்லவா அவள் நினைத்தாள். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அழ நேரமில்லை. வெளியே காலடி கேட்டது. கருப்பை எடுத்தாள். எங்கே வைப்பது? பிணம் கழுவுகிறவர்களுக்கு மடியும் முடிச்சும் இல்லாத ஒற்றைத் துணிதான். வாசலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கல்லை வாயில் போட்டு நாக்குக்கடியில் தள்ளினாள். வெள்ளையின்மேல் விரல்களை மடக்கி, பையை மாட்டி, சுருக்கை இழுத்தாள். திரை விலகியது.

உர்பி பானையை இறக்கினாள். பையைப் பார்த்தாள். சிசாவைப் பார்த்தாள். "காலைப் பிடி அண்ணி, கழுவலாம்" என்றாள்.

வாசலில் வில்கா இருவரின் கைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு வழி விட்டான். பாடை தூக்கியாயிற்று. தெரு நிறைய ஜனம். பாடை படி தாண்டும்போது பெண்டாட்டிதான் முதல் ஓலம் விட வேண்டும். அவள் விடாமல் வேறு யாரும் அழக் கூடாது. விடாதவளுக்குச் சபையில் பேச்சும் இல்லை. எல்லோரும் சிசாவின் வாயையே பார்த்தார்கள். அவள் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் கல் விழுந்துவிடும். கண்ணீர் மட்டும் வழிந்து தாடையில் சொட்டியது.

"என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "பொண்ணு அந்தப் பக்கம் இருக்காளே, புருஷன் மேல வருத்தமா இருக்கும்" என்றது இன்னொரு குரல்.

அப்போது உர்பி கத்தினாள். அடிவயிற்றிலிருந்து வந்த ஓலம். தலைவிரி கோலமாகப் பாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு பெரியவர் கையை உயர்த்தி, "முறை இல்லம்மா" என்றார். "என் அண்ணன். நான் அழுவேன். முறையை நீங்க வச்சுக்குங்க" என்றாள் உர்பி.

சபை வட்டத்தில் ஐந்து கருப்புக் கற்கள் விரிப்பின்மேல் வரிசையாக இருந்தன. சபைத் தலைவி வாரா பையை உருவி, செத்தவனின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். வெள்ளைக் கல் உருண்டு விரிப்பில் விழுந்தது.

கருப்பு போட்ட ஐவரில் உப்புக் குலத்துக்காரன் எழுந்தான். "மருமகனை அடிச்சுக் கொன்னவங்களுக்கு மாமன் வெள்ளை போட்டானா? நம்பச் சொல்றீங்களா? கையை யாரோ தொட்டிருக்காங்க. கழுவினவங்களைக் கூப்பிடுங்க."

இரண்டு பெண்களும் நடுவில் வந்து நின்றார்கள். சிசாவுக்கு எச்சில் ஊறி வாய் நிறைந்தது. விழுங்கினால் கல்லும் சேர்ந்து போய்விடும் போலிருந்தது. உப்புவெளியின் வெளுப்பு கண்ணுக்குள் வந்து நின்றது.

"யாராவது கையைத் திறந்தீங்களா?" என்றாள் வாரா. "தலையாட்டக் கூடாது. வாயால சொல்லணும்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம்" என்றாள் உர்பி. "ஆரம்பிச்சதுலேருந்து முடியற வரைக்கும். நான் அந்த இடத்தை விட்டு அசையல. வேணும்னா வில்காவைக் கேளுங்க."

வில்கா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமா" என்றான்.

"சிசா, நீயும் சொல்லணும்."

"அவ எப்படிச் சொல்லுவா?" உர்பி ஓர் அடி முன்னால் வந்தாள். "முதல் ஓலம் விடாதவ சபையில பேசக் கூடாது. இது நீங்க போட்ட முறைதானே? பாடை வாசலைத் தாண்டிடுச்சு, இனிமே அவளால ஓலமும் விட முடியாது. ஊமையை நிக்க வச்சு என்ன கேக்கறீங்க? செத்தவன் நான் முலைப்பால் பங்கு போட்ட அண்ணன். செத்த பையன் என் பையன். கருப்பு கேக்க இங்க என்னைவிட யாருக்கு உரிமை? நானே சொல்றேன், கை மூடியேதான் இருந்துச்சு."

வாரா குனிந்து விரிப்பின் நான்கு முனைகளையும் மடித்தாள். தீவுகளுக்குத் தீ இல்லை. உப்புக் குலத்துக்காரன் காறித் துப்பிவிட்டு வெளியேறினான்.

காத்தாரியைக் கற்குவியலுக்குள் வைத்து மூடிய பிறகு, பெண்கள் குளிக்க ஓடைக்கு இறங்கினார்கள். மற்றவர்கள் கரையேறும் வரை உர்பி மெதுவாகக் குளித்தாள். பிறகு சிசாவின் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

"துப்பு."

சிசா அவளைப் பார்த்தாள். துப்பினாள். கருப்புக் கல் ஈரமாக, ஒரு துளி ரத்தத்தோடு, உர்பியின் கையில் விழுந்தது.

"அண்ணன் கையில என்ன இருந்துச்சு?" என்று உர்பி கேட்கவில்லை. "ரெண்டும் இருந்துச்சு" என்று சிசா சொல்லத் தொடங்கினாள். மரத்துப்போன நாக்கு புரளவில்லை. உர்பி கல்லை ஓடையில் போடவும் இல்லை. கையை மூடிக்கொண்டு கரையேறினாள். வீட்டுப் பாதைக்குத் திரும்பாமல் மேட்டுப் பக்கம் நடந்தாள். ஈரத்துணியோடு சிசா பின்னாலேயே போனாள். எங்கே போகிறாள், யாரிடம் காட்டப் போகிறாள் என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

மகன் சூரியின் கற்குவியல் இன்னும் புதிதாக இருந்தது. இடுக்குகளில் புல் முளைத்திருக்கவில்லை. உர்பி அதன் பக்கத்தில் குந்தி, இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே விரலை விட்டு, கருப்புக் கல்லை உள்ளே தள்ளினாள். உள்ளே எங்கோ அது உருண்டு விழும் சத்தம் கேட்டது. வெளியே சரிந்து கிடந்த ஒரு கல்லை எடுத்து இடுக்கை அடைத்தாள்.

"நினாவுக்குக் கம்பளி நெய்யணுமே" என்றாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு. "குழந்தைக்கு எந்த நிறம்?"