இடுப்பில் கிடந்த இரும்பு

விடியுமுன்னே விமான நிலையத்தின் பின்வாசலில் வாளிகளும் துடைப்பங்களுமாகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. நேற்றுத் தரை தேய்த்த வலி மீனாம்பிகையின் முழங்காலை விட்டு இன்னும் போகவில்லை. வேலைக்கு அவள் பயந்தவளல்ல. அவளுடைய பயமெல்லாம் காவலாளி கையிலிருந்த உலோகச் சோதனைக் கருவிக்குத்தான்.

அவள் இடுப்பருகே வந்தால் அது கத்தும். போரில் பாய்ந்த ஷெல் துண்டு உள்ளே கிடக்கிறது. எடுத்தால் கால் வழங்காது என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். துப்புரவு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பரமலிங்கத்துக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் நாள்தோறும் சட்டையை உயர்த்தித் தழும்பைக் காட்டச் சொல்வார், அதுவும் ஆண்கள் போய்வருகிற வாசலில். பயணிகளைச் சோதிக்கத் திரை உண்டு, பெண் உத்தியோகத்தர் உண்டு. கூட்டுகிறவளுக்கு வெட்கம் எதற்கு என்பது அந்த மனுசனின் நினைப்பு.

நேற்று அவள் மறுத்துவிட்டாள். "நாளைக்கும் காட்டாட்டில் வேலைக்கு வரத் தேவையில்லை" என்று சொல்லித்தான் பரமலிங்கம் உள்ளே விட்டார். வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் யன்னலோரம் அழுதுகொண்டு வந்தாள். பின்னால் மயிலிட்டியிலிருந்து வேலைக்கு வரும் பெர்னடெட் மற்றத் துப்புரவுப் பெண்களோடு குசுகுசுத்தது அவள் காதில் விழவில்லை.

இன்று பெர்னடெட்தான் முதலில் நின்றாள். கருவி கத்தியது. அடுத்தவளுக்கும் கத்தியது, அதற்கடுத்தவளுக்கும். இறைச்சிக்கறி கொண்டுபோகும்போது பேய் அண்டாமல் சாப்பாட்டோடு வைப்பார்களே, அந்த இரும்பாணியை ஆளுக்கொன்றாக இடுப்பில் செருகி வந்திருந்தார்கள்.

"எல்லாரிட்டையும் ஆணி இருக்கு ஐயா" என்றாள் பெர்னடெட். "திரையைக் கட்டி ஒரு பொம்பிளையைக் கூப்பிடுங்கோ. எடுத்துக் காட்டுறம்."

"பாதுகாப்போடை விளையாடுறியளோ?" என்று சீறினார் பரமலிங்கம்.

மீனாம்பிகைக்கு அப்போதுதான் விளங்கியது. வரிசையை விட்டு முன்னுக்கு வந்தாள்.

"குண்டு என்ன செய்யுமெண்டு என்ரை இடுப்புக்குத் தெரியும் ஐயா. சோதிக்கவேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்லை. நடுவாசலிலை வைச்சு உரியாதேங்கோ."

சுன்னாகத்திலிருந்து வேறு ஆட்களை இறக்குவேன் என்று பரமலிங்கம் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். காவலாளி கருவியைத் தாழ்த்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். உள்ளே கழிப்பறைகள் கழுவப்படாமல் கிடந்தன. கடல்பக்கம் விமானத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது.

இத்தனை வருடமாக அவள் ஒருத்தியின் இடுப்பில் கிடந்த இரும்பு இன்று எல்லாருடைய இடுப்பிலும் இருந்தது. மீனாம்பிகை தன் வாளியையும் கவிழ்த்து, பெர்னடெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.